மற்றும் இருபத்திரண்டு பேர்

நீங்கள் ஆறு பேரும் ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பிறப்புப் பதிவேட்டுக் கதைக்கு மட்டும்தான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பதிவேட்டில் ஒரே பெண்ணின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வர, அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு அவளைத் தாய் என்று எண்ணி, இத்தனை பிள்ளை பெற்ற மகராசி யார் என்று நான் ஒரு வாரம் வியந்துகொண்டிருந்த கதை. அவள் மருத்துவச்சி. பிரசவம் பார்த்த கையோடு அலுவலகத்துக்கு நடந்துபோய் பிறப்பைச் சொல்லிப் பதிய வைத்தவள். அவள் வேலை பக்கம் முழுக்க இருந்தும் என் கண்ணில் படவில்லை. சிரிக்கக்கூடிய தவறுதான் அது. செத்து நூறு வருஷம் ஆனவள் என்னிடம் சண்டைக்கு வரமாட்டாள்.

பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர் வந்து, நான் எழுதிய நடவுப் பெண்கள் கட்டுரையைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்ததாகச் சொன்னீர்கள். நான் நன்றி சொல்லிவிட்டு, வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கட்டுரை தவறு என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சுரக்குடிப் பெண். எங்களுக்கு நிலம் உண்டு. நடவுக்கு ஆள் வருவதையும் போவதையும் வீட்டிலிருந்து பார்த்து வளர்ந்தேனே தவிர, என் கால் சேற்றில் பட்டதில்லை. காரைக்காலில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தினேன். பாடம் நடத்தியது சம்பளத்துக்கு. பெண்கள் செய்த வேலை பழைய காகிதங்களில் எங்கே பதிந்திருக்கிறது என்று தேடியது என் ஆசைக்கு. அந்த ஆசைக்கு அங்கே அவ்வளவாகத் தீனி கிடைக்காது. பண்ணைக் காகிதங்களில் காளை மாட்டுக்குப் பெயர் இருக்கும், வயலுக்குப் பெயர் இருக்கும், வாய்க்காலுக்கு இருக்கும். நட்ட பெண்கள் 'நடவாள் நாற்பது' என்று ஒரு வரியில் முடிந்துபோவார்கள். வருஷக்கணக்கில் அப்படியே படித்துச் சலித்தவள் கையில், பெயர்களோடு ஒரு தாள் வந்து விழுந்தால் மனசு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். என் தவறு அந்தச் சந்தோஷத்தில்தான் தொடங்கியது.

நெடுங்காட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்காக, வாரிசுகள் ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதங்களைக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். கரையான் தின்றது போக மிஞ்சியதில் ஒரு கோப்பு இருந்தது. இன்றைக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. அதில் மூன்றே தாள்கள்.

முதல் தாள், நடவுப் பெண்களின் சார்பில் அதிகாரிக்கு எழுதப்பட்ட மனுவின் நகல். பெண்கள் ஒன்பது நாளாக அந்தப் பண்ணை வயலில் இறங்கவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முற்பகலில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை கரையேறிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுவரை பண்ணையை மேற்பார்த்த காரியக்காரர் சொன்னால்தான் கரையேறலாம். வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியில் பிள்ளை கதறிக்கொண்டிருக்கும். தாய்க்காரி பால் கட்டி, மார் வலித்து, ரவிக்கை நனையக் குனிந்து நட்டுக்கொண்டிருப்பாள். மனுவில் இது இரண்டு வரியில் இருந்தது. படித்துவிட்டு நான் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன்.

இரண்டாவது தாள், பண்ணை அதிகாரிக்குக் கொடுத்த பதில். "இதனடியில் ரேகை வைத்திருக்கும் நாங்கள் மேற்படி பண்ணையில் தினந்தோறும் மனமுவந்து நடவு செய்து வருகிறோம். வேலைநிறுத்தம் என்று ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க எங்களுக்குத் தடை ஏதும் இல்லை." அதன் கீழே இருபத்து மூன்று பெண்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. முதல் பெயர் தையல்நாயகி. 'ஆள் கூட்டி வருபவர்' என்று அதற்குப் பக்கத்தில் குறிப்பு. அவர் பெயரை இங்கே அவர் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மூன்றாவது தாளில், அந்தப் பதிலை ஏற்று விசாரணை முடிக்கப்பட்டதாக நாலு வரி. பத்தாம் நாள் எல்லாரும் வயலில் இறங்கிவிட்டார்கள். கரையேறும் உரிமை கிடைக்கவில்லை.

எனக்குள் ஒரு மேதாவி உட்கார்ந்திருந்தாள். பெண்கள் போராட்டம் என்றால் எல்லாரும் ஒரே குரலாக நின்றார்கள் என்றுதான் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் அப்படி உருகுகிறவள் இல்லை என்று காட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. ஆள் கூட்டி வரும் தையல்நாயகியும் மற்றும் இருபத்திரண்டு பேரும் பண்ணைக்கு ஆதரவாகக் கைநாட்டு வைத்ததால் போராட்டம் உள்ளிருந்தே உடைந்தது என்று எழுதினேன். அதைத் துரோகம் என்று சொல்லிவிடக் கூடாது, பசிக்கு முன் ஒற்றுமை நிற்காது, பரிவோடு புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன். பண்ணை தனக்காகத் தயாரித்த தாள் அது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ரேகை இருக்கிறதே. எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ரேகை உடம்பிலிருந்து வருவதல்லவா என்று அதை நம்பினேன்.

கட்டுரையைத் தட்டச்சு செய்த அலுவலகப் பெண் என்னிடம் வந்து, மற்றவர்கள் பெயரையும் அடித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம், 'மற்றும் இருபத்திரண்டு பேர்' என்று போட்டால் போதும் என்றேன். பிற்பாடு யாராவது கேட்டால், அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பாற்றவே பெயர்களை விட்டேன் என்று சொல்லி வந்தேன். உண்மை என்னவென்றால் கல்லூரி மலரில் எனக்கு ஆறு பக்கம்தான் கொடுத்திருந்தார்கள்.

மகளிர் தினத்தன்று அதைப் படித்தேன். நல்ல கைதட்டல். அந்த நடவுப் பெண்களின் தெருவிலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, தன் ஊர்க் கதை அச்சில் வந்திருக்கிறதே என்று மலரை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் அப்பா அதைத் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறார்.

பிறகு நடந்ததும், போராட்டக் காலத்தில் அந்தத் தெருவில் நடந்ததும் பல வருஷம் கழித்துத் தையல்நாயகியின் மகள் செல்வி சொல்லித் தெரிந்துகொண்டது. போராட்டத்தை விசாரிக்க வந்த அதிகாரி ஒன்பதாம் நாள் தெருமுனையில் நின்று, உங்களில் இருபத்து மூன்று பேர் கைநாட்டு வைத்துவிட்டார்கள், இனி என்ன போராட்டம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். யார் யார் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஒருத்திக்கு ஒருத்திமேல் சந்தேகம். தையல்நாயகி அதற்கு முந்தின நாள் பண்ணை வீட்டுக்குப் போய் வந்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். அதனால் அவர்மேல் கொஞ்சம் கூடுதலாகப் பேச்சு இருந்தது. ஆனாலும் பேச்சு பேச்சாகவே இருந்தது. நடவு தொடங்கும் அன்று முதல் நாற்று முடியை வயலின் வடகிழக்கு மூலையில் ஊன்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை ராசியான கை. வயதாகி, நாள் முழுக்கக் குனிந்து நட முடியாமல் போன பிறகும், அந்த ஒரு முடிக்காக அவரைக் கைபிடித்து வயலுக்குக் கூட்டிப்போவார்களாம். அவருக்கு வருஷத்தில் பெரிய நாள் அதுதான்.

கட்டுரை வந்த வருஷம் குறுவை நடவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. குளித்துவிட்டுப் புடவை மாற்றி வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பெண்கள் அவர் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அவர் பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்து, விசாரித்து விசாரித்து எங்கள் துறைக்கு வந்துசேர்ந்தார். ஒடிசலான உடம்பு. நாற்காலியைக் காட்டினேன், நுனியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டு வயலில் நட்ட அந்த வயதுப் பெண்களை என் அப்பா பெயர் சொல்லி வா, போ என்றுதான் கூப்பிடுவார். நான் 'வாங்கம்மா, உட்காருங்க' என்று சொன்னேன், சொல்லிவிட்டு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன்.

"நான் கைநாட்டு வைக்கலீங்க டீச்சரம்மா" என்றார். "பண்ணை வூட்டுக்குப் போனது நெசந்தான். காரியக்காரரு கூப்பிட்டு உட்டாரு, போனேன். வையின்னாரு. மாட்டேன்னுட்டு வந்துட்டேன்."

நான் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உங்கள் பெயர், பக்கத்தில் உங்கள் ரேகை என்று விரல் வைத்துக் காட்டினேன். உங்களை நான் குறை சொல்லவே இல்லை, வறுமைதான் காரணம் என்று எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

"வறுமை எல்லாருக்குந்தாங்க இருந்துச்சு" என்றார்.

பிறகு தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் பக்கமே போகாமல் ரேகைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "இது என் வெரலு இல்லீங்க. எங்க வெரலு இப்படி விழாது" என்றார். நான் தலையாட்டினேன். வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொன்னால் மனசு நோகாமல் இருக்கத் தலையாட்டுவோமே, அந்த மாதிரி.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். "மத்த பேரெல்லாம் யாரு யாருங்க? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

நான் மறுத்துவிட்டேன். மற்றவர்கள் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் சொல்வது முறையில்லை, ஆராய்ச்சியில் அதற்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கிறது என்று விளக்கினேன். அவர் பெயரை ஊர் முழுக்கப் படிக்கக் கொடுத்தவள், அவரிடமே உட்கார்ந்து கட்டுப்பாடு பேசினேன். அவர் வாதாடவில்லை. வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை எங்கே கழுவி வைக்கட்டும் என்று கேட்டார். நான் கழுவ வேண்டாம் என்றேன். அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் குறிப்பேட்டில், நினைவும் ஆவணமும் முரண்படும் இடம் என்று எழுதிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பணி ஓய்வு வரைக்கும் வருஷா வருஷம் வகுப்பில் அதை உதாரணமாகச் சொன்னேன். வாய்மொழியை எவ்வளவு எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பதற்கு உதாரணம். உங்கள் ஆசிரியர்களில் சிலர் என் மாணவர்கள். உங்களில் சிலர்கூட அதைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள்.

ஓய்வு பெற்றபின் நவம்பர் வந்தால் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கப் போக வேண்டும். சேவை மையத்தில் விரலை வைத்தால் இயந்திரம் ஒத்துக்கொள்ளும், அப்புறம் இன்னொரு வருஷத்துக்குப் பென்ஷன் வரும். ஒரு வருஷம் எனக்கு முன்னால் வரிசையில் முதியோர் உதவித்தொகைக்காக நாலைந்து வயதான பெண்கள் நின்றார்கள். இரண்டாம் போகமான தாளடி நடவு நடந்துகொண்டிருந்த சமயம். முதல் அம்மாள் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார், சிவப்பு. அடுத்த விரல், அதற்கு அடுத்த விரல், பத்து விரலும் சிவப்பு. கணினியில் இருந்த பெண் ஒரு பாட்டிலிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து அவர் விரல்களில் தடவித் தேய்த்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"ரேகை தேஞ்சு கெடக்கு ஆயா. ஒரு மாசம் நடவுக்குப் போவாம இருந்துட்டு வாங்க" என்றாள்.

"ஒரு மாசம் எதத் திங்கிறதாம்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் நகர்ந்தார்.

அடுத்தவருக்கும் விழவில்லை. அவருக்கு அடுத்தவருக்கும் இல்லை. என் முறை வந்தது. விரலை வைத்தேன். வைத்தவுடனே பச்சை. உங்க ரேகை சூப்பரா இருக்கு மேடம் என்று அந்தப் பெண் சொன்னாள். என் விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது. சாக்பீஸைத் தவிர எதையும் பிடிக்காத விரல். எங்க வெரலு இப்படி விழாது என்று ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. எட்டு வருஷம் ஆகியிருந்தது.

சான்றிதழை வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. நேராகக் கல்லூரிக்குப் போய், எனக்குப் பின் வந்தவரிடம் கேட்டு, அந்தக் கோப்பைத் திறந்தேன். பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை, என்றாலும் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று ரேகைகளும் அச்சுக் குத்தியதுபோல் இருந்தன. சுழி தெரிந்தது, கோடு எண்ண முடிந்தது. கட்டைவிரலால் நாற்றின் வேரைச் சேற்றில் ஊன்றி ஊன்றித் தோலே வெந்துபோன பெண்களின் ரேகை மையில் தோய்த்தால் வெறும் கறுப்பு வட்டமாகத்தான் விழும். தினந்தோறும் நட்டு வருகிறோம் என்று சொன்ன தாளில், ஒரு நாற்றுகூட நடாத விரல்கள். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு ஓடிய விரல் ஒன்று ஏழு பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. நாலே நாலு பேர் உட்கார்ந்து மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை.

ரேகையை நம்பியவள் ரேகையைப் பார்க்கவில்லை. ரேகை இருக்கிறது என்று பார்த்ததோடு சரி. நம் வேலையில் இது சுலபமாக நேரும். எழுத்து என்றால் ஒவ்வொரு கொம்பையும் சுழியையும் விடாமல் பார்ப்போம். எழுத்து இல்லாத இடத்தில் நம் கண் தானாகத் தாண்டிவிடும். எழுதத் தெரியாத பெண்களின் வேலையைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால் அவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுப்பு எழுதினேன். ஒரு சிற்றிதழில் முக்கால் பக்கம் வந்தது. அதை எனக்குத் தெரிந்து நாலு பேர் படித்தார்கள். பழைய கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்னும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், கோப்பைப் பார்த்த மறுநாளே நான் நெடுங்காட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீடு பூட்டியிருந்தது. மகள் வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். ஐம்பது வயதை நெருங்கும் பெண் செல்வி. அந்த ஒன்பது நாள் போராட்டத்தின்போது கைப்பிள்ளையாக இருந்தவள். மத்தியானச் சோற்று நேரம். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து தூக்குகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். செல்வி மட்டும் சற்றுத் தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றேன். செத்து நாலு வருஷமாச்சு என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. ரேகை விஷயத்தை முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். அவள் கையில் இருந்த சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா வைக்கலன்னு எனக்குத் தெரியும் டீச்சர். உங்க தாளு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க. அங்க உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்ககிட்ட சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அந்தப் போராட்டத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அன்றைக்கு வயலில் இறங்காமல் நின்றவர்களில் இருவர் அங்கே இருந்தார்கள். ஒருவர் காசியம்மாள், நட முடியாவிட்டாலும் மருமகளுக்குச் சோறு எடுத்து வந்தவர். தையல்நாயகியை முதல் முடிக்குக் கூப்பிட வேண்டாம் என்று முதலில் சொன்னவர் இவர்தான் என்று செல்வி பிற்பாடு சொன்னாள். நான் ரேகையைப் பற்றிச் சொன்னபோது எல்லாரும் தங்கள் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை. படித்தவள் அன்றைக்கு ஒன்று சொன்னாள், இன்றைக்கு வேறு சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

காசியம்மாள்தான் கேட்டார். "மத்த பேரு யாரெல்லாம் இருக்கு அதுல?"

அதே கேள்வி. இந்தத் தடவை நான் நகலை எடுத்து முதலிலிருந்து படித்தேன். முதல் பெயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது, மூன்றாவது பெயருக்குரியவர்கள் இறந்துவிட்டார்கள். மருமகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது பெயரைப் படித்ததும் காசியம்மாளுக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு முதியவர், "அவ அந்த மாசம் புள்ள பெக்க அம்மா வூட்டுக்குல்ல போயிருந்தா, ஊர்லயே இல்லையே" என்றார். ஐந்தாவது பெயர் அவருடையது. ஆறாவது பெயர் காசியம்மாள். கணவர் பெயரோடு சேர்த்துப் படித்தேன்.

"எம்பேரா?"

"உங்க பேர்தான்."

"நான் வைக்கலியே" என்றார்.

மீதிப் பதினேழு பெயர்களையும் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருத்தி, எங்க மாமியா, எங்க பெரியம்மா என்றாள். படித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கலாம். நான் துறை அறையில் உட்கார்ந்து தையல்நாயகிக்கு இதைப் படித்துக் காட்டியிருந்தால், அவர் அன்று சாயங்காலமே தெருவுக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, உன் பேரும் இருக்குடி, நீ வச்சியா என்று கேட்டிருப்பார். கட்டுரையிலேயே இருபத்து மூன்று பெயரையும் போட்டிருந்தால், அந்த மாணவியின் அப்பா உரக்கப் படித்த அன்றே தாளின் பொய் உடைந்திருக்கும். தான் வைக்கவில்லை என்பது ஒவ்வொருத்திக்கும் தெரியும். தன் பெயரும் அதில் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அந்தக் கோப்பு இப்போது உங்கள் மேஜைக்கு வரப்போகிறது. விவரக் குறிப்பு எழுதும்போது பெயர்களில் ஒன்றைக்கூட விடாதீர்கள். இடம் போதாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நான் தாளை மடித்து வைத்தேன். சோறு தூக்கில் அப்படியே இருந்தது. காசியம்மாள் தள்ளி உட்கார்ந்திருந்த செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"எங்க தெருவுல ஒரு சாவு உழுந்தா, பொணம் எடுக்குற வரைக்கும் எந்த வூட்லயும் அடுப்பு மூட்ட மாட்டோங்க. எதிரி வூட்டுச் சாவா இருந்தாலும் மூட்ட மாட்டோம். தையலு செத்தன்னிக்கு எல்லா வூட்லயும் மூட்டுனோம். நான் மீன் கொழம்பு வச்சேன்."